கேனிஸ்டர் வடிகட்டி

கேனிஸ்டர் வடிகட்டி என்பது வீட்டு மீன்தொட்டிக்கு வெளியே, பெரும்பாலும் தொட்டியைத் தாங்கும் அலமாரிக்குள், வைக்கப்படும் மூடிய நீர்வடிகட்டி. தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியே கீழே இறங்கி, சிறு வாளி அளவுள்ள உருளைக்குள் அடுக்கிய ஸ்பாஞ்சு, பீங்கான் வளையம், பஞ்சு ஆகியவற்றைக் கடந்து, மூடியில் உள்ள மோட்டாரின் உந்துதலால் மற்றொரு குழாய் வழியே தொட்டிக்கே திரும்பும். மீன் கடைகளில் 'கேனிஸ்டர்' என்று மட்டும் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். டாப் ஃபில்டர், ஹேங்கான், ஸ்பாஞ்சு ஃபில்டர் போன்ற பிற வடிகட்டிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அளவோ விலையோ அல்ல. இதில் தண்ணீர் போய் வரும் வழி முழுவதும் காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டிருக்கிறது. இதன் நன்மைகளும் தொல்லைகளும் அந்த ஒரு குணத்திலிருந்தே பிறக்கின்றன.

ஜெர்மனியில் 1949இல் குந்தர் ஐஹைம் தொடங்கிய நிறுவனம் 1960களில் இவ்வகை வடிகட்டியை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. அதன் 'கிளாசிக்' வரிசை பெரிய மாற்றம் இல்லாமல் இன்றும் விற்பனையில் உள்ளது. அவ்வரிசையின் 2213 என்ற மாதிரி, 8 வாட் மின்சாரத்தில் மணிக்கு 440 லிட்டர் தள்ளும். இந்தியச் சந்தையில் இப்போது சன்சன் போன்ற சீன நிறுவனங்களின் கேனிஸ்டர்களே மிகுதி.

இயங்கும் விதம்

டிரம்மில் டியூபை விட்டு, வாயால் உறிஞ்சித் தண்ணீரைக் கீழே இறக்குவோமே, அதே சைஃபன்தான் இங்கும். தொட்டிக்குக் கீழே இருப்பதால் தண்ணீர் தன் எடையாலேயே கேனிஸ்டருக்குள் இறங்கிவிடும். மோட்டார் அதை மேலே ஏற்றினால் போதும். அந்த ஏற்றமும் பார்ப்பதற்குத் தோன்றுவதுபோல் அவ்வளவு பாரமானது அல்ல. கிணற்று உருளையில் கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டினால், இறங்கும் வாளி ஏறும் வாளியைத் தூக்க உதவும். இறங்கும் குழாயில் உள்ள தண்ணீரும் ஏறும் குழாயில் உள்ள தண்ணீரும் அப்படித்தான் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. குழாய்ச் சுவரிலும் பஞ்சிலும் ஏற்படும் உராய்வை வெல்வதே மோட்டாரின் உண்மையான வேலை. 10, 20 வாட்டில் இது ஓடிவிடுவது அதனால்தான். பஞ்சு அடைத்துக்கொண்டால் ஓட்டம் சட்டென்று படுத்துவிடுவதற்கும் அதுவே காரணம்.

வடிகட்டி உண்மையில் செய்வது

தண்ணீரைத் தெளிவாக்குவது இதன் சிறிய வேலை. பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாது. மீன்களின் செவுள்களிலிருந்து அம்மோனியா ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கும். தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் அழுகும்போது மேலும் சேரும். ஒரு வகை நுண்ணுயிர்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட்டின் நஞ்சு மிகக் குறைவு, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அதையும் கட்டுக்குள் வைக்கலாம். இரண்டாம் கட்ட வேலையை நைட்ரோபேக்டர் செய்வதாகப் பழைய புத்தகங்கள் எழுதின. மீன்தொட்டிகளில் அதைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1990களின் பிற்பகுதியில் தெரிய வந்தது. இரண்டு கட்டங்களையும் தானே முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்கள் இருப்பதும் 2015இல் வெளிச்சத்துக்கு வந்தது.

இந்த உயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிவதைவிட எதிலாவது ஒட்டி வாழ்வதையே விரும்புகின்றன. நுண்துளைகள் நிறைந்த பீங்கான் வளையங்களைக் கேனிஸ்டரில் நிரப்புவது அவற்றுக்குக் குடியிருப்புக் கட்டித் தருவதற்காக. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற அவற்றுக்குச் சுமார் 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. மூடிய உருளைக்குள் ஆக்சிஜன் வர ஒரே வழி, தொட்டியிலிருந்து வரும் தண்ணீர். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். சென்னைக் கோடையில் தொட்டி 32 டிகிரியைத் தொட்டால் அது 7.3 ஆகிவிடும். மீன், செடி, நுண்ணுயிர் மூன்றும் அதில்தான் பங்கு போட வேண்டும். குளிர்நாட்டுக் கையேட்டில் ஸ்பிரே பாரை (தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும் துளையிட்ட குழாயை) நீருக்குள் ஆழமாக வைக்கச் சொல்லியிருந்தாலும், நம் ஊரில் அதை நீர்மட்டத்தை ஒட்டிப் பொருத்தி மேற்பரப்பு அலையும்படி விடுவதே நல்லது.

அளவு

நம் ஊரில் தொட்டி அடிக்கணக்கில் பேசப்படுகிறது. ஒரு கன அடி 28.3 லிட்டர். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி 6.75 கன அடி, அதாவது 191 லிட்டர். மணலும் கல்லும் போட்டு, மேலே இரண்டு அங்குலம் விட்டால் உள்ளே நிற்பது 160 லிட்டர் சொச்சம். மணிக்கு நான்கிலிருந்து ஆறு முறை தொட்டித் தண்ணீர் முழுவதும் வடிகட்டி வழியே போய்வர வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. இத்தொட்டிக்கு அது 640 முதல் 960 லிட்டர். பெட்டியில் அச்சிட்ட எண்ணோ, உள்ளே எதையும் நிரப்பாமல் அளந்தது. ஸ்பாஞ்சு, வளையம், பஞ்சு ஆகிய ஊடகம் நிரப்பிச் சில வாரம் ஓடியபின் அது வெகுவாகக் குறையும். ஆகவே 1000 லிட்டர் என்று போட்டதை வாங்குவது சரியாக இருக்கும். கோல்டுஃபிஷ், ஆஸ்கர் போல அதிகம் தின்று அதிகம் கழிப்பவை என்றால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஃபைட்டர் மீனுக்கு இவ்வளவு ஓட்டம் ஆகாது, நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டே களைத்துவிடும்.

பொருத்துதல்

கேனிஸ்டர் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழேதான் நிற்க வேண்டும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதே உயரத்தில் வைத்தால் சைஃபன் பிடிக்காது. மிகவும் தாழ வைப்பதிலும் பயனில்லை. நீர்மட்டத்துக்கும் கேனிஸ்டருக்கும் இடையிலான உயரம் ஒவ்வொரு மீட்டர் கூடும்போதும் மூடியின் ரப்பர் வளையத்தின் மீது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பெரும்பாலான மாதிரிகளுக்கு ஒன்றரை மீட்டருக்குள் இருந்தால் பாதுகாப்பு.

ஹோஸை வெட்டுவதில் அவசரம் கூடாது. அலமாரிக் கதவு மூடுமா, துப்புரவின்போது கேனிஸ்டரை வெளியே இழுக்க முடியுமா என்று பார்த்துவிட்டு வெட்ட வேண்டும். ஆனால் தேவைக்கு மேல் விட்டால் குழாய் தொய்ந்து வளையும், அந்த வளைவில் காற்று தங்கும், அழுக்கும் தங்கும். முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கினால் இளகி, இணைப்பில் இறுக்கமாக ஏறும். கிளிப்பை முடுக்கத் தவறக் கூடாது. கேனிஸ்டர் வீட்டைக் குளமாக்கிய கதைகளில் பல ஒரு கழன்ற ஹோஸில் தொடங்கியவை. உறிஞ்சு குழாயின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டம் வரை தொட்டி தரையில் கொட்டிவிடும். வாயைத் தொட்டியின் அடியில் பதிக்காமல் ஒரு சாண் உயரத்தில் வைத்தால் மணலும் உள்ளே போகாது, விபத்து நேர்ந்தாலும் மீன்களுக்கு ஒரு சாண் தண்ணீர் மிஞ்சும். குஞ்சுகளோ சிறு இறாலோ உள்ள தொட்டியில் அந்த வாய்க்கு ஒரு ஸ்பாஞ்சு உறை தேவை.

மின்கம்பி பிளக்கை நோக்கி ஏறுவதற்கு முன் ஒரு முறை கீழே தொங்கி வளைய வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக் பாயின்ட்டுக்குப் போகாது. அந்த இணைப்பு 30 மில்லி ஆம்பியர் கசிவு மின்தடுப்பானுக்குள் இருப்பது அவசியம்.

ஊடக அடுக்கு

கேனிஸ்டருக்குள் அடுக்கும் கூடைகளில் எதில் எதைப் போடுவது என்பதில் கடைக்குக் கடை ஒரு கருத்து உண்டு. விடை தண்ணீரின் பாதையில் இருக்கிறது. பெரும்பாலான கேனிஸ்டர்களில் தண்ணீர் ஓரமாக அடிவரை இறங்கி, பிறகு கூடைகள் வழியே மேலேறும். ஆகவே அடியில் பெருந்துளை ஸ்பாஞ்சு, அடுத்து நுண்துளை ஸ்பாஞ்சு, அதன்மேல் பீங்கான் வளையம், உச்சியில் மெல்லிய வெள்ளைப் பஞ்சு. வளையத்தை அடியில் போட்டால் அதன் நுண்துளைகளில் சேறு அடைத்து, குடியிருப்பு குப்பைமேடாகிவிடும். எல்லா ஊடகத்தையும் முதலில் நன்றாக அலச வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாள் தொட்டி பால்போல் வெளுக்கும். ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் கரியை நிரந்தரமாக வைக்கத் தேவையில்லை. மருந்து போட்டபின் அதை நீக்கவோ, மரத்துண்டிலிருந்து இறங்கும் பழுப்பு நிறத்தை எடுக்கவோ மட்டும் போதும். சில வாரங்களில் அது நிறைந்து செயலிழக்கும்.

இயக்கத் தொடக்கம்

முதலில் கேனிஸ்டர் மூடியின் ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் தடவி மூட வேண்டும். வாசலின் தடவினால் ரப்பர் நாளடைவில் உப்பிவிடும். குழாய்களின் அடைப்பான்களைத் திறந்து, மூடியில் உள்ள பொத்தானைச் சிலமுறை அழுத்தினால் தண்ணீர் இறங்கத் தொடங்கும். பொத்தான் இல்லாத மாதிரிகளில் திரும்பு குழாயின் முனையை வாயால் உறிஞ்சுவதே வழி. உருளை நிரம்பி, திரும்பு குழாயிலும் தண்ணீர் ஏறி நின்றபின்தான் சுவிட்சைப் போட வேண்டும். தண்ணீர் இல்லாமல் காற்றில் சுழலும் இம்பெல்லர் (மோட்டாரின் சுழலி) சில நிமிடங்களிலேயே தேயத் தொடங்கும். பிறகு கேனிஸ்டரை இப்படியும் அப்படியும் மெல்லச் சாய்த்தால் உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறும். முதல் நாள் கரகரவென்ற ஓசை இருக்கும். இரண்டு நாள் கழித்தும் நிற்காவிட்டால் எங்கோ ஒரு இணைப்பு காற்றை இழுக்கிறது.

ஓடத் தொடங்கிய வடிகட்டி இன்னும் வேலை செய்யும் வடிகட்டி அல்ல. நுண்ணுயிர்கள் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நண்பர் வீட்டு ஓடும் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி பழைய வளையத்தை ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டால் தயிருக்கு உறை ஊற்றியதுபோல் காலம் குறையும். அதுவரை மீன் குறைவாக, தீனி அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நம் போர் தண்ணீரில் இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியம், அதில் பிஎச் 8 என்பது சாதாரணம். பிஎச் 7இல், 30 டிகிரியில், மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவே நஞ்சான வடிவில் இருக்கும். பிஎச் 8இல் அது சுமார் 7.5 சதவீதம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவோருக்கு எதிர்ப்பக்கச் சிக்கல் உண்டு. நைட்ரேட் உருவாகும்போது தண்ணீரின் காரத்தன்மை செலவாகிறது, இருப்பே இல்லாத நீரில் பிஎச் சரிந்து நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகும்.

மின்தடை

மூடிய அமைப்பின் விலையை இங்கேதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றதும் உருளைக்குள் புதுத் தண்ணீர் வருவது நிற்கும். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளிருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். பிறகு நல்லவை சாகத் தொடங்க, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வகைகள் பெருகி, தண்ணீர் அழுகிய முட்டை வாடைக்கு வரும். மின்சாரம் திரும்பியதும் மோட்டார் தானாக ஓடி அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளும். புயல் கழிந்த மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போனால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மின்சாரம் வந்தபின் கேனிஸ்டர் தண்ணீரைக் கொட்டி, ஊடகத்தைத் தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு ஓட்டலாம்.

கேனிஸ்டர் இழுப்பது மின்விசிறியைவிடக் குறைவான மின்சாரம். ஆனாலும் டிவியை இன்வர்ட்டரில் இணைத்துவிட்டு மீன்தொட்டியை விட்டுவிடும் வீடுகள்தான் அதிகம். சதுர அலை இன்வர்ட்டரில் மோட்டார் உறுமிச் சூடாகும், சைன் அலை வகையே ஏற்றது.

பராமரிப்பு

கேனிஸ்டரில் சிக்கிய அழுக்கு தொட்டியை விட்டுப் போய்விட்டதாக நினைப்பது பொதுவான தவறு. கண்ணுக்கு மறைந்திருக்கிறதே தவிர, அதே தண்ணீர்தான் அதன் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. அழுக்கு அங்கேயே கரைந்து நைட்ரேட்டாகத் தொட்டிக்குத் திரும்பும். திறக்கவே வேண்டாம் என்பதற்காக வாங்கி, ஓராண்டு திறக்காமல் விடுவோர் உண்டு. ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள், அல்லது ஓட்டம் கண்ணுக்குத் தெரியக் குறைந்ததும், திறக்க வேண்டும். ஸ்பாஞ்சையும் வளையத்தையும் தொட்டியிலிருந்து எடுத்த வாளித் தண்ணீரில் அலசினால் போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் குடியிருப்பைக் காலிசெய்துவிடும். வெள்ளைப் பஞ்சைத் தூக்கி எறியலாம். வளையங்களை ஒரே நாளில் முழுவதுமாக மாற்றக் கூடாது. இம்பெல்லரைக் கழற்றி வழுவழுப்பைத் தேய்த்து எடுத்து, பீங்கான் தண்டு விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, ரப்பர் வளையத்தில் ஒட்டிய மணலைத் துடைத்துவிட்டு மூட வேண்டும். மூடியோரம் கசிவதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு மணல்துகளே காரணம்.

எல்லாத் தொட்டிக்கும் இது வேண்டியதில்லை. சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்போரின் வரிசைத் தொட்டிகளில், ஒரே காற்றுப்பம்பிலிருந்து கிளை பிரியும் குழாய்களில் ஸ்பாஞ்சு ஃபில்டர்கள் கொப்பளிப்பதைக் காணலாம். இரண்டடிக்கு உட்பட்ட தொட்டிக்கு அதுவே தாராளம். பெரிய தொட்டியில் கேனிஸ்டர் வைத்திருப்பவர்களும் ஒரு மூலையில் அப்படியொரு ஸ்பாஞ்சைப் போட்டு வைப்பது உண்டு. நீண்ட மின்தடையின்போது பேட்டரிக் காற்றுப்பம்பை அதில் மாட்டினால் மீனுக்கு மூச்சும் கிடைக்கும், ஒரு பகுதி நுண்ணுயிர்களும் பிழைத்திருக்கும்.