அறுபதில் எழுதிய எண்

ஒரு மணி, ஒரு நிமிடம், ஒரு வினாடி ஆகிய கால அளவை வினாடிகளாக மாற்றினால் 3,661 கிடைக்கும். அதே எண்ணை மணி, நிமிடம், வினாடி என்று பிரித்துக் கூறும்போது, பத்தை விடுத்து அறுபதை அடிமானமாகக் கொண்டு 1, 1, 1 என்று கூறுகிறோம். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் மெசொப்பொத்தேமியாவில் வழங்கிய எண்முறையின் எச்சம் இது.

இன்றைய ஈராக்கில் உள்ள நிப்பூர் நகரில், கி.மு. 1800ஐ ஒட்டிய காலத்தில் எழுத்தர் பள்ளிகள் நடந்தன. மாணவர்கள் ஈரக் களிமண் பலகையில் நாணற்குச்சியை அழுத்தி எழுதினார்கள். ஒன்றுக்கு ஒரு குறி, பத்துக்கு ஒரு குறி. இவ்விரண்டையும் அடுக்கி 59 வரை எழுதினர். அறுபதுக்கு மீண்டும் ஒன்றின் குறியே, ஓர் இடம் தள்ளி. சுழியம் இல்லாததால் தனியே நிற்கும் ஒரு குறி 1 ஆகலாம், 60 ஆகலாம், 3,600 ஆகலாம். இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டியிருந்தது.

அம்மாணவர்கள் வாய்ப்பாட்டோடு தலைகீழ் எண்களின் அட்டவணையையும் மனப்பாடம் செய்தார்கள். 2க்கு 30, 3க்கு 20, 4க்கு 15, 5க்கு 12, 6க்கு 10 என்று அது செல்லும். மூன்றால் வகுக்க விரும்புவோர் இருபதால் பெருக்கி, ஓர் இடம் நகர்த்தினால் போதும். ஆனால் ஆறுக்கு அடுத்து எட்டு வந்துவிடுகிறது. ஏழுக்கு விடை இல்லை. சில பலகைகளில் ஏழுக்குத் தலைகீழ் இல்லை என்றே எழுதியும் வைத்தனர். ஏழில் ஒரு பங்கை அறுபதின் முறையில் எழுதினால் 8, 34, 17 என்னும் இலக்கங்கள் முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும்.

காரணம் எளிது. அறுபதின் பகாக் காரணிகள் 2, 3, 5. இவற்றால் மட்டுமே ஆன எண்களுக்கே முடிவுறும் தலைகீழ் உண்டு. பத்தின் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமே. அதனால் மூன்றில் ஒரு பங்கு நம் கையில் 0.333 என்று நீள்கிறது. நம் முன்னோர் கையாண்ட முந்திரி, ஒன்றில் 320இல் ஒரு பங்கு. 320இன் பகாக் காரணிகளும் இரண்டும் ஐந்துமே. எனவே எத்தனை முந்திரிகளைக் கூட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாக அமையாது. பாபிலோனிய மாணவனுக்கோ அது வெறும் இருபது.

இங்கே ஒரு தெளிவு பிறக்கிறது. 3,661 என்னும் எண் அறுபதின் முறையில் இருபுறமிருந்தும் ஒன்றுபோல் வாசிக்கப்படுகிறது. பத்தின் முறையில் அவ்வாறில்லை. இது எழுத்தின் பண்பு. ஆனால் அவ்வெண் ஏழையும் 523ஐயும் பெருக்கிவரும் பயன் என்பது எந்த அடிமானத்திலும் மாறாது. இது எண்ணின் பண்பு.

மூன்றில் ஒரு பங்கு ஏன் முடியவில்லை என்று வகுப்பறையில் ஒரு மாணவர் கேட்கும்போது, குறை அந்தப் பின்னத்தில் இல்லை, நாம் தேர்ந்துகொண்ட பத்தில்தான் இருக்கிறது என்று ஆசிரியர் கூறலாம். சான்றுக்கு வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு எத்தனை நிமிடம் என்று சுவர்க்கடிகாரத்தைக் காட்டிக் கேட்டாலே போதும்.