மெய்நிகர் இயந்திரங்களில் பணிமாற்றமும் விதிவிலக்கும்

ஓடிக்கொண்டிருக்கும் பணியின் பதிவகங்களைச் சேமித்துவிட்டு, அடுத்த பணியின் பதிவகங்களை ஏற்றுவது பணிமாற்றம். செயலி தானே இதைச் செய்துகொள்ளும் வசதியை இன்டெல் 1982இல் 80286 சில்லில் தந்தது. பணியின் நிலையைப் பதிந்துவைக்கும் 44 பைட் அட்டவணை, 1985இல் வந்த 80386இல் 104 பைட் ஆனது. தாவல் ஆணை ஒன்று கொடுத்தால் போதும், மீதியைச் சில்லு பார்த்துக்கொள்ளும். வசதிதான், ஆனால் மெதுவானது. 1991இல் வந்த முதல் லினக்ஸ் இதை நம்பியிருந்தது. பிறகு மென்பொருள் வழிக்கு மாறிக்கொண்டது. 2003இல் ஏ.எம்.டி. கொண்டுவந்த 64 பிட் முறையில் இந்த வசதியே இல்லை.

இருந்தும் 32 பிட் உலகில் ஓர் இடத்தில் இது நிலைத்தது. ஆணை ஓடும்போது எழும் பிழை போன்ற ஒரு விதிவிலக்கைக் கையாளப் போகும்போதே இன்னொன்று குறுக்கிட்டால் அது இரட்டைப் பிழை, எண் 8. பல நேரங்களில் கெர்னலின் ஸ்டாக்கே கெட்டிருப்பதுதான் காரணம் என்பதால், அதே ஸ்டாக்கை நம்பிக் கையாள வழியில்லை. 32 பிட் விண்டோஸ் இந்த எண்ணுக்குத் தனிப் பணியும் தனி ஸ்டாக்கும் ஒதுக்கியது.

இந்தச் செயலியைப் போலச்செய்யும் மென்பொருளுக்குத் தலைவலி பணிமாற்றத்தில்தான். பாதி மாறிய நிலையில் நினைவகப் பிழை வந்தால் அது பழைய பணியின் கணக்கா, புதியதன் கணக்கா? மாற்றம் உறுதியாகும் புள்ளிக்கு முன் வந்தால் பழையது, பின் வந்தால் புதியது என்பது இன்டெல் விதி. ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஎமு இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தது. பழைய பணியின் அட்டவணையில் முதல் பைட்டையும் கடைசி பைட்டையும் படித்து, அதே மதிப்பைத் திரும்ப எழுதிப் பார்க்கும். வரவேண்டிய பிழை மாற்றம் தொடங்குமுன்பே வந்துவிடும். சில சூழல்களில் இதுவும் தோற்கும் என்று நிரலின் குறிப்பே ஒப்புக்கொண்டது, நேர்மையான குறிப்பு.

2005இல் வந்த இன்டெல்லின் மெய்நிகராக்க வசதியான விடி-எக்ஸ், விருந்தினர் இயந்திரத்துக்குள் பணிமாற்றத்தை அறவே மறுத்தது. முயன்றால் கட்டுப்பாடு விருந்தினரை நடத்தும் ஹைப்பர்வைசருக்குப் போகும். வெளியேற்றக் காரண எண் 9. குமுரானெட் நிறுவனத்தில் அவி கிவிட்டி எழுதிய ஹைப்பர்வைசரான கே.வி.எம்., 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20இல் சேர்ந்தது, பணிமாற்ற ஆதரவு 2008இல்தான் வந்தது. அப்போதும் ஓட்டைகள் இருந்தன. மென்பொருள் குறுக்கீட்டால் மாறினால் ஆணைச் சுட்டி அடுத்த ஆணைக்கு நகர வேண்டும். பிழையால் மாறினால் நகரவே கூடாது. பிழையோடு வரும் பிழைக்குறியைப் புதிய பணியின் ஸ்டாக்கில் வைக்கும் வேலை விடுபட்டிருந்தது. 2010இல் யான் கிஸ்கா அதைச் சேர்த்தார்.

எல்லாச் செயலிகளுக்கும் இந்தச் சுமை இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகள் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் வரையறையில் வன்பொருள் பணிமாற்றம் கிடையாது. 80286, 80386 வழிவந்த எக்ஸ்86க்கு அந்த விடுதலை இல்லை. லினக்ஸ் கெர்னலின் கே.வி.எம். பகுதியில் பணிமாற்றத்தைப் போலச்செய்யும் நிரல் இன்றும் இருக்கிறது. யாரும் திறந்து படிக்கலாம்.