பர்ச்சி யாருடையது?

கான்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இந்தி அவ்வளவாக வராது. ஆனால் மூன்று வார்த்தைகள் மட்டும் முதல் வருஷமே மனப்பாடம் ஆகிவிட்டன. நகல், பர்ச்சி, உடன் தஸ்தா. நாம் 'பிட் அடிக்கிறது' என்று சொல்வது இங்கே நகல். (நம் ஊர் ஜெராக்ஸ் கடைப் பலகையில் இருக்கும் அதே நகல்தான். அரபியில் பிறந்து இங்கேயும் வந்தது, அங்கேயும் வந்தது.) அந்த பிட்டுக்குப் பெயர் பர்ச்சி. பறக்கும் படைக்குப் பெயர் உடன் தஸ்தா. ஏப்ரல், மே வந்துவிட்டால் கல்லூரி ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இருக்காது.

அந்த முதல் வருஷம் எனக்கு பி.காம். ஹாலில் மேற்பார்வை. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. இரண்டு பெஞ்சுக்கு நடுவில் தரையில் ஒரு பர்ச்சி கிடந்தது. பக்கத்தில் இருந்த பையன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், வியர்த்தான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. விடைத்தாளைப் பிடுங்கினேன். "சர், மேரா நஹீ ஹை" என்றான். படிவத்தில் "இவரிடமிருந்து கைப்பற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தரையில் கிடந்ததை "இவரிடமிருந்து" என்று எழுதினேன். அவனுக்கு அந்தத் தாள் ரத்தானது. பர்ச்சி அவனுடையதா, அடுத்த பெஞ்சுக்காரனுடையதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த உறுத்தலில்தான் இந்த விஷயத்தின் பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கொஞ்சம் பின்னால் போவோம். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று பல்கலைக்கழகங்களும் 1857-ல் தொடங்கின. லண்டன் பல்கலைக்கழகத்தின் அன்றைய அமைப்புதான் மாதிரி. அதாவது பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது, தேர்வு மட்டும் நடத்தும். கல்லூரிகள் எங்கெங்கோ இருக்கும். பாடம் சொல்லிக்கொடுத்தவர் வேறு, கேள்வி கேட்பவர் வேறு, திருத்துபவர் வேறு. 1858-ல் கல்கத்தாவின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் பின்னாளில் நாவலாசிரியரான பங்கிம் சந்திரர், இன்னொருவர் ஜதுநாத் போஸ். அந்த இரண்டு பேருக்கும்கூட கருணை மதிப்பெண் போட்டுத்தான் தேற வைத்தார்கள்!

இதற்கும் முன்பே, 1844-ல், ஆங்கிலம் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று கவர்னர் ஜெனரல் ஹார்டிங் தீர்மானம் போட்டுவிட்டார். ஆக, மூன்று மணி நேரத்தில் ஒரு தாளில் எழுதுவதுதான் ஒருவன் குமாஸ்தாவா, வயலுக்குத் திரும்ப வேண்டியவனா என்று முடிவு செய்தது. இவ்வளவு கனத்தை ஒரு தாளின் மேல் ஏற்றினால் சிலர் குறுக்கு வழி தேடத்தான் செய்வார்கள். நான் நியாயப்படுத்தவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

இனி உத்தரப் பிரதேசத்துக்கு வருவோம். 1954-ல் இங்கே இன்டர்மீடியட் தேர்வு எழுதிய மூன்று மாணவர்கள் தேறியதாக முடிவு வந்துவிட்டது. பிறகு, அந்த வருஷக் கடைசியில், காப்பி அடித்ததாகச் சொல்லி வாரியம் முடிவை ரத்து செய்து, 1955 தேர்வும் எழுதக்கூடாது என்றது. அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1962-ல் தீர்ப்பானது. ஒரு மாணவனின் எதிர்காலத்தைத் தொடும் முடிவு இது, அதனால் குற்றச்சாட்டைச் சொல்லி அவன் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்றது நீதிமன்றம். மாணவர்கள் ஜெயித்தார்கள். எட்டு வருஷம் கழித்து!

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1969-ல் பீகாரில் ஷாஹாபாத் மாவட்டத்தில் ஒரு மையம். மற்ற மையங்களில் சராசரியாக 50 சதவீதம் பேர் தேற, அங்கே மட்டும் 80 சதவீதம். விடைத்தாள்களைப் பார்த்த வாரியம் மையத்தின் தேர்வையே ரத்து செய்து, மறுபடி எழுதச் சொன்னது. 1970-ல் உச்ச நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் நின்றது. ஒட்டுமொத்தமாகத் தேர்வே கெட்டுப்போன இடத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே தனி ஆள் யார் மேலும் குற்றம் சாட்டவில்லை என்றது.

இரண்டும் பள்ளி வாரிய வழக்குகள்தான். ஆனால் பல்கலைக்கழகங்களும் இந்தக் கோட்டில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. ஒருவனை மட்டும் சுட்டினால் அவனைக் கேள். தேர்வே கெட்டிருந்தால் தேர்வை ரத்து செய்.

1992-ல் நடந்தது இரண்டிலும் சேராத மூன்றாவது வகை. கல்யாண் சிங் முதல்வர், ராஜ்நாத் சிங் கல்வி அமைச்சர். காப்பி அடிப்பதை ஜாமீனில் வர முடியாத குற்றமாக்கி அவசரச் சட்டம் வந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகள் ஹாலிலிருந்து நேராக ஜெயிலுக்குப் போனார்கள். அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் தேறியவர்கள் சுமார் 14.7 சதவீதம், பன்னிரண்டாம் வகுப்பில் சுமார் 30 சதவீதம். முந்தைய வருஷம் பத்தாம் வகுப்பில் பாதிக்கு மேல் தேறியிருந்தார்கள். சட்டம் பலித்தது என்று சிலர் இன்றும் இந்த எண்களைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். வருஷம் முழுக்க பள்ளியில் என்ன நடந்தது என்பதற்கும் அதே எண்கள்தானே சாட்சி? முலாயம் சிங் அதை எடுத்துவிடுவேன் என்று சொல்லியே ஓட்டுக் கேட்டார். 1993 கடைசியில் ஆட்சிக்கு வந்தபின் சட்டமும் போனது. 1998-ல் கொஞ்சம் இளகிய வடிவில் திரும்பி வந்தது.

2024-ல் மத்திய அரசு கொண்டுவந்த பொதுத் தேர்வுச் சட்டம் இந்த அனுபவத்திலிருந்து ஏதோ கற்றிருக்கிறது. கேள்வித்தாளைக் கசிய விடும் கும்பலுக்கு 5 முதல் 10 வருஷம் சிறை, குறைந்தது 1 கோடி ரூபாய் அபராதம். ஆனால் தேர்வு எழுதுபவனை அது சிறைக்கு அனுப்பாது, அவனை அந்தந்தத் தேர்வு அமைப்பின் விதிக்கே விட்டுவிடுகிறது. அந்தச் சட்டம் யு.பி.எஸ்.சி., ரயில்வே, என்.டி.ஏ. மாதிரி மத்தியத் தேர்வுகளுக்கு. எங்கள் பி.காம். ஹாலுக்கு இன்னமும் மேற்பார்வையாளரும் ஒரு படிவமும்தான்.

அந்தப் படிவத்தை இப்போது எப்படி நிரப்புகிறேன் என்று சொல்லி முடிக்கிறேன். சந்தேகம் வந்தால் முதலில் போய்ப் பக்கத்தில் நிற்பேன், பாதிக் கேஸ் அங்கேயே தீர்ந்துவிடும். பர்ச்சி கிடைத்தால் எங்கே கிடைத்தது, கையிலா, தாளுக்கு அடியிலா, தரையிலா, எத்தனை மணிக்கு என்று எழுதுவேன். இன்னொரு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் காட்டி அவர் கையெழுத்தும் வாங்குவேன். பழைய விடைத்தாளை வாங்கிக்கொண்டு புதுத் தாள் கொடுத்து எழுதச் சொல்வேன். மீதி நேரம் அவனுடையது, அதைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை. அவன் சொல்வதை அவன் கையாலேயே எழுத வைப்பேன், "என்னுடையது இல்லை" என்றாலும் அப்படியே. 'காப்பி அடித்தான்' என்று மட்டும் எழுத மாட்டேன். அது கமிட்டி சொல்ல வேண்டியது. நான் பார்த்தது மட்டும்தான் என்னுடையது.

போன மே மாதம்கூட ஒன்று தரையில் கிடந்தது. "தரையில் கிடந்தது, யாருடையது என்று பார்க்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டு, "இதை வைத்து யாரையும் ஒன்றும் செய்ய முடியாதே மாஸ்டர்ஜி" என்று சலித்துக்கொண்டார்.

ஆமாம், முடியாதுதான் என்றேன்.