உடம்பு தேற மலையேறியவர்கள்



போன வாரம் வெளிநாட்டிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், அம்மாவுக்கு மதுரையில முழங்கால் ஆபரேஷன். முடிஞ்சதும் ஒரு மாசம் கொடைக்கானல்ல வீடு எடுத்துத் தங்க வைக்கலாமா? குளுகுளுன்னு இருக்குமே" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏனென்றால், கொடைக்கானல் ஊரே அப்படி உருவானதுதான்.

நம் ரெட்டியார்சத்திரத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கே சிறுமலை, தென்மேற்கே பழனி மலைத்தொடர். 1834-ல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்கப் பாதிரிமார்கள், காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்தார்கள். சொந்த நாட்டுக்குப் போய்த் தேறி வரலாம் என்றால் கப்பலிலேயே மாதக்கணக்கு. அதனால் பக்கத்திலேயே இடம் தேடினார்கள். முதலில் தங்கிப் பார்த்தது நம் சிறுமலையில். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகு சுமார் 7000 அடி உயரத்துக்கு ஏறி, 1845-ல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அங்கே உடம்பு தேறியது.

காரணம் அவர்களுக்குத் தெரியாது. கெட்ட காற்றால் வருவது என்றே நினைத்தார்கள். 'மலேரியா' என்ற இத்தாலியச் சொல்லுக்கே அதுதான் பொருள். 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டபிறகே உண்மை விளங்கியது. கடுங்குளிரில் அந்தக் கிருமி கொசுவுக்குள் வளர முடியாது. சிறுமலையின் குளிர் அதற்குப் போதவில்லை.

இதில் என் மனதை உறுத்துவது வேறொன்று. 1875-ல் அம்மையநாயக்கனூர் வரை ரயில் வந்தது. ஆனால் மலைக்கு மோட்டார் சாலை வர 1914 ஆயிற்று. அதுவரை பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதைதான். நோயாளிகளை நாற்காலியிலும் டோலியிலும் வைத்து நம்மூர் ஆட்கள் தோளில் சுமந்தார்கள். இறக்கி வைத்துவிட்டு, கூலியோடு அதே காய்ச்சல் அடிவாரத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் உடம்பு தேற யார் பங்களா கட்டினார்கள்?

மாணவிக்கு இப்படிச் சொன்னேன்: "அம்மா, அந்தக் காலத்தில் மலை மருந்தானது, நோய் கொசுவால் வந்ததால். முழங்காலுக்கு வேண்டியது சமதளத் தரை, தினப் பயிற்சி, கூப்பிடு தூரத்தில் டாக்டர். மேடு பள்ளமும் மலைப்பாதை வளைவும் அம்மாவுக்குச் சிரமம்தான். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்த்துக்கொள். கொடைக்கானல் வாடகைக்கு வைத்திருந்த பணத்தில், அம்மாவைத் தூக்கி நடக்க வைக்கப்போகும் பெண்ணுக்கு நல்ல சம்பளம் கொடு. வாரம் ஒரு நாள் லீவும் கொடு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "சரிங்க டீச்சர், அந்த அக்காவுக்கு முதல்ல போன் பண்றேன்" என்றாள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது டோலி தூக்கிய கதை சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.