ஊசியும் நூலும் காத்த மானம்

ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பருத்தி விளைத்தவனைக் குறிப்பர்; ஆடை நெய்தவனைப் போற்றுவர்; அதனைக் கப்பலேற்றி விற்றவன் ஈட்டிய பொருளையும் கணக்கிடுவர். ஆனால் கிழிந்த ஆடை மறுநாள் வேலைக்கு ஆகும்படி இரவில் விளக்கருகே அமர்ந்து தைத்த கையைப் பற்றி ஒரு வரியேனும் எழுதுவாரில்லை. மலாயாத் தமிழர் வரலாறோ பெரிதும் வெயிலிலும் மழையிலும் நின்று உழைத்தோரின் வரலாறாகும். அவர்கள் உடுத்திச் சென்ற வெளியாடை வீட்டில் எவ்வாறு காக்கப்பட்டது, எவ்வாறு செப்பனிடப்பட்டது என்பதை ஆராயாமல் அவ்வரலாறு நிறைவுறாது என்பது நமது துணிபு.

தையல் தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்துமிடத்தில் துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்போரையும் சேர்த்தே கூறுகிறது. அதனினும் நமக்கு முக்கியமானது பொருநராற்றுப்படை தரும் செய்தி. கரிகாற் பெருவளத்தானை நாடிச் சென்ற பொருநன் உடுத்திருந்தது வியர்வையில் நனைந்து, பேன் குடியேறி, வேறு நூல்களால் தைக்கப்பட்ட கந்தை. அரசன் அதனைக் களையச் செய்து நுண்ணிய புத்தாடை அளித்தான். அந்தப் புத்தாடையின் அழகை எல்லோரும் வியப்பர். நாம் அக்கந்தையையும் சற்று நோக்குவோம். பழைய துணிக்குள் வேற்று நூல் புகுந்திருக்கிறதென்றால், அதனைக் கைவிடாது தைத்துத் தைத்துக் காத்தவர் ஒருவர் இருந்தார் என்பது பொருளல்லவா? அவர் பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை.

இனி, நாம் வாழும் இடத்திற்கு வருவோம். கோலாலம்பூரில் ஆண்டொன்றுக்கு 2,400 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. மழையைத் தடுக்கும் ஆடை உலகுக்குக் கிடைத்த கதையோ நமது கிள்ளான் பள்ளத்தாக்கின் கதையோடு பின்னிக் கிடக்கிறது. ஸ்காட்லாந்து தேசத்துச் சார்ல்ஸ் மக்கின்டாஷ் என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தா என்னும் எண்ணெயில் ரப்பரைக் கரைத்து, அதனை இரண்டு துணிகளுக்கிடையே பூசி ஒட்டி, 1823ஆம் ஆண்டில் அம்முறைக்கு உரிமை பெற்றார். அவ்வாடை நீரைத் தடுத்தது உண்மையே. ஆயினும் அதில் இரண்டு குறைகள் இருந்தன. வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது என்பது ஒன்று. தையற்காரர் ஊசி குத்திய துளைதோறும் மழைநீர் கசிந்து உட்புகுந்தது என்பது மற்றொன்று. முதற்குறையை நீக்க, ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றும் முறையை அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டார். இரண்டாவது குறை, தைத்த இடத்தின்மேல் ரப்பர்க் கரைசலைப் பூசி அடைத்த பின்னரே தீர்ந்தது.

ரப்பருக்கு உறவான கட்டாபர்ச்சா என்னும் மலாயாப் பிசினின் பெயரையும் இங்கே நினைவு கூர்தல் தகும். மலாய் மொழியில் கெத்தா என்றால் மரப்பிசின். பெர்ச்சா என்றால் கந்தைத் துணித் துண்டு. அவ்விரண்டும் சேர்ந்தே அப்பெயர் ஆயிற்று என்று அகராதியாசிரியர் கூறுவர். பிசினும் கந்தையும்! பின்னாளில் இந்நாட்டுத் தமிழ்த் தொழிலாளியின் வாழ்க்கை முழுவதையும் இவ்விரண்டு சொற்களில் அடக்கிவிடலாம் போலும்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டு அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மோட்டார் வண்டியின் சக்கரத்துக்கு ரப்பர் வேண்டியதாகவே, கிள்ளான், காஜாங், கோலலங்காட் பகுதிகளில் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. அவற்றுக்கு ஆள் வேண்டித் தமிழகத்திலிருந்து நம்மவர் கப்பலேற்றப்பட்டனர். வெள்ளைக்காரன் மழையில் நனையாதிருக்க அணிந்த கோட்டுக்கு மூலப்பொருளாகிய பாலை வெட்டியவன், தான் நனைந்தபோது தலையில் கவிழ்த்தது பெரும்பாலும் ஒரு சாக்கேயாகும்.

தோட்டத்து வேலைத்துணிக்கு இருந்த முதற்பகை அந்தப் பாலே. துணியில் தெறித்த பால் காய்ந்தால் ரப்பராகவே மாறி, கறுத்து, எந்தச் சவுக்காரத்துக்கும் அசையாது நின்றுவிடும். இதற்குரிய அறிவைத் தோட்டத்துத் தாய்மார் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. தொழிற்சாலையில் கண்டு தேர்ந்தனர். அங்கே பாலை உறையச் செய்வது அமிலம். உறையாது நிறுத்துவது அம்மோனியா. துணிக்கும் அதுவே விதி. பால் ஈரமாயிருக்கும்போதே குளிர்ந்த தண்ணீரில் அலசிவிட வேண்டும். புளியும் எலுமிச்சையும் மற்றக் கறைகளைப் போக்கும் என்று நம்பி இதன்மேல் தேய்த்தால் பால் திரைந்து இழைக்குள் இறுகிவிடும். காய்ந்துபோன பின் விரலால் உருட்டி உரித்து எடுக்கக்கூடியதை எடுத்துவிட்டு, எஞ்சியதை மண்ணெண்ணெய் தொட்டு இளக்கலாம். அதுவும் அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டச் செய்ய வேண்டிய காரியம். இத்தனைக்கும் பிறகு கறை மிஞ்சும் என்பதால்தான் வேலைத்துணி வேறு, வீட்டுத்துணி வேறு என்று லயங்களில் பிரித்து வைத்தனர்.

இரண்டாவது பகை சுமை. தோளின்மேல் தடி வைத்து இருபுறமும் பால்வாளி தொங்கச் சுமந்தமையால் சட்டையின் மற்றப் பாகங்கள் உறுதியாயிருக்கும்போதே தோட்பட்டை நைந்து போயிற்று. அங்கே கிழியும்வரை காத்திராமல், நூல் மெலியத் தொடங்கியதுமே உட்புறத்தில் பழந்துணி ஒன்றை வைத்து ஓட்டுத் தையல் போடுவர். கிழிந்த பின் போடும் ஒட்டைவிடக் கிழியுமுன் போடும் ஒட்டு இருமடங்கு உழைக்கும். ஒட்டுத்துணி புதியதாகவும் தடித்ததாகவும் இருந்தால் அது சுருங்கிப் பழைய துணியை இழுத்துக் கிழித்துவிடும். ஆகையால் பலமுறை துவைத்த துணியையே ஒட்டுக்குத் தேர்ந்தனர். நடுவில் நைந்த கைலியையும் புடவையையும் நீளவாட்டில் வெட்டி, உறுதியான இருகரைகளும் நடுவில் வரும்படி மூட்டினர். அதற்கும் ஆகாத புடவை முக்காடாயிற்று, பின் குழந்தைக்குத் தொட்டிலாயிற்று, பின் சும்மாடாயிற்று, பின் கரித்துணியாயிற்று, கடைசியில் விளக்குத் திரியாகி எரிந்தது. துணியின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வேலை இருந்தது.

நகரத்து நிலை சிறிது வேறு. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் வீடுகளைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று அரசாங்கம் விதித்ததனால் செங்கற் சூளைகள் பெருகிய இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கிள்ளான் பாதை திறந்தது முதல் பெருகி வந்த ரயில்வே வேலை, தமிழகத்தாரையும் யாழ்ப்பாணத்தாரையும் அங்கே குடியேற்றிற்று. ரயில்வேக்காரன் துணிக்குப் பகை கரியும் எண்ணெயும். கரிபடிந்த துணியை நனைத்துத் தேய்த்தால் கரி ஆழ இறங்கும். முதலில் உலர்ந்தபடியே உதறித் தட்டிய பின்னரே நீரில் இட வேண்டும். மழைக்கோட்டு வைத்திருந்தவர்க்கோ வேறொரு பாடம். அதற்கு எண்ணெயும் கடும் வெயிலும் ஆகா, வெந்நீரும் ஆகாது, மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும், கிழிந்தால் ஊசி தொடாமல் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவதைப் போல் ரப்பர்க் கரைசலால் ஒட்ட வேண்டும். மக்கின்டாஷின் தையற்காரர் கண்ட அதே உண்மை பிரிக்பீல்ட்ஸ் வீடுகளிலும் பயன்பட்டது.

இத்தனை திறமையும் சோதனைக்குள்ளான காலம் ஒன்று வந்தது. மலாயாவில் துணி நெய்யும் பேராலைகள் கிடையா. இங்கிலாந்து, இந்தியா, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த துணியையே ஜனங்கள் உடுத்தினர். அவற்றுள் ஏழைகளுக்கு எட்டிய மலிவுத் துணி ஜப்பானுடையது. 1934இல் பிரிட்டிஷ் அரசாங்கம் லங்காஷயர் ஆலைகளின் நன்மையைக் கருதி அந்நியத் துணி இறக்குமதிக்கு வரம்பு கட்டிற்று. அப்போதே ஏழையின் துணிக்கு நெருக்கடி தொடங்கியது. 1942 ஜனவரி 11ஆம் நாள் ஜப்பானியப் படை கோலாலம்பூரில் புகுந்த பின், கப்பல் வருவது குன்றி, இருந்த துணியும் கள்ளச்சந்தையில் மறைந்தது. ரப்பரை வாங்குவார் இல்லாமல் தோட்டங்கள் கிடந்தன. அரிசி மூட்டையாக வந்த சாக்கு, தோட்டத் தமிழரின் உடையாயிற்று. அன்னாசி இலையின் நாரைப் பிரித்து நூலாக்கினர். சவுக்காரம் அருகியபோது சாம்பல்நீர் பழையபடி துணைக்கு வந்தது. 1942-43இல் சயாம் பர்மா ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கு மேற்பட்ட தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். மாற்றிக் கட்டத் துணியின்றி அடைமழையில் வேலை செய்த அவர்களுள் பல்லாயிரவர் திரும்பவேயில்லை.

அதே வேளையில் இங்கிலாந்தின் நிலையைப் பாருங்கள். அங்கே 1941 ஜூன் முதல் துணிக்குப் பங்கீடு வந்தது. 1943இல் பழைய துணியைச் செப்பனிட்டு உடுத்தக் கற்பிக்கும் கைநூல் ஒன்றை அரசாங்கமே வெளியிட்டது. மலாயா கைவிட்டுப் போனமையால் ரப்பரும் அங்கே அரிதாயிற்று. ரப்பர் குவிந்த இடத்தில் துணியில்லை; துணியாலை நிறைந்த இடத்தில் ரப்பர் இல்லை. அங்கே ஒட்டுப்போட்ட கோட்டு தேசபக்தியின் அடையாளமென்று புகழப்பட்டது. இங்கே சாக்குடுத்தவனுக்குப் புகழுரை கூறுவார் யாருமில்லை. ஒரே ஊசி, ஒரே நூல். மதிப்பு மட்டும் இடத்துக்கு இடம் மாறியது ஏன் என்று நாம் கேட்க வேண்டாமா?

கிழிந்ததைத் தைத்து உடுத்துவதில் இழிவு ஏதுமில்லை. தைக்கவும் துணியில்லாதபடி ஒரு கூட்டத்தாரை ஆக்கிவைத்ததே இழிவு. அவ்விழிவு அவர்களை ஆண்டவர்க்கு உரியது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழியை ஏழைக்கு மட்டும் ஓதிவிட்டு, அவன் கூலியைக் குறைத்தவனுக்கு ஒன்றும் சொல்லாதிருப்பது அறமாகாது. சிக்கனம் நல்லதுதான். அது ஒருவன் தானே மேற்கொள்ளும்போது குணம். பிறர் அவன்மேல் சுமத்தும்போது தண்டனை.

இன்று சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா நகரமாகிவிட்டது. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் ஷா ஆலம் நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸ் சாலை துன் சம்பந்தன் பெயரைத் தாங்கி, புடவைக் கடைகளால் ஒளிர்கிறது. துணி மலிந்துவிட்டது, ஊசி மறைந்துவிட்டது. பொத்தான் ஒன்று அறுந்தால் சட்டையையே எறியும் இளைஞரை வீடுதோறும் காண்கிறோம். பண்டிகைக்குக் கடன்பட்டுப் புத்தாடை வாங்கி, அதனை மூன்று மாதத்தில் பூஞ்சணத்துக்கு இரையாக்கும் குடும்பங்களும் உண்டு. இவர்களின் பாட்டிமார் சாக்கைத் தைத்து மானம் காத்தவர்கள் என்பதை யார் இவர்களுக்குச் சொல்லுவது?

ஆகவே நேயர்களை நாம் வேண்டுவது இவ்வளவே. மழையில் நனைந்த ஆடையைச் சுருட்டிப் போடாதீர்கள். அன்றே அலசி, காற்றில் விரித்து உலர்த்துங்கள். மெலிந்த இடத்தைக் கிழியுமுன் தையுங்கள். ஊசி பெண்ணுக்கே உரியது என்னும் பழைய எண்ணத்தை விட்டு, மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோல் கற்பியுங்கள். வீட்டில் முதியோர் இருப்பின், ஒரு மாலைப் பொழுது அவர்கள் அருகில் அமர்ந்து, அக்காலத்தில் என்ன உடுத்தினீர்கள், எதைக் கொண்டு தைத்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். பழம்பாட்டில் பெயரின்றிப் போன அந்தக் கைக்கு நம் காலத்திலாவது ஒரு பெயர் கிடைக்கட்டும்.