விருப்பமில்லா மொழிபெயர்ப்பாளர்

தமிழ்நாட்டை விட்டு வடநாட்டு நகரங்களில் வந்து குடியேறிய நம்மவர் பலருக்கும் பொதுவான அனுபவம் ஒன்று உண்டு. 'சம்சாரம்' என்ற சொல்லை நாம் மனைவி என்ற பொருளில் வழங்குகிறோம். இந்தி பேசுவோருக்கு அது உலகம். 'உபந்நியாசம்' என்றால் நமக்குச் சமயச் சொற்பொழிவு. அவர்களுக்கு அது நாவல். 'சேஷ்டை' நம் வீட்டில் குறும்பு. அண்டை வீட்டில் முயற்சி. மூன்றும் வடமொழியிலிருந்து இரு சாராருக்கும் வந்த சொற்களே. தெரியாத சொல் நம்மை அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. பொருள் என்னவென்று கேட்டுக்கொள்கிறோம். தெரிந்த சொல்லே ஏமாற்றுகிறது. அதன் பொருளை யாரிடமும் கேட்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை அன்றோ?

இவ்வாறு தெரிந்ததாக எண்ணிய ஒரு கருத்தினால் நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சக்கரவர்த்தியே தவறாக ஐயுற்றார். அந்த ஐயத்துக்கு இலக்கானவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அவருடைய வரலாறு அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு.

1556 முதல் 1605 வரை ஆண்ட அக்பர் சக்கரவர்த்தி, தாமே ஏடு எடுத்துப் படிப்பவர் அல்லர். பிறர் படிக்கக் கேட்டே நூலறிவு பெற்றவர். ஆக்ராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் அவர் எழுப்பிய பதேப்பூர் சிக்ரியில், வடமொழி நூல்களைப் பாரசீகத்தில் பெயர்க்கும் பணி பெருமளவில் நடைபெற்றது. 1582ஆம் ஆண்டில் மகாபாரதத்தை மொழிபெயர்க்குமாறு அவர் ஆணையிட்டார். அந்த நூலுக்கு 'ரஸ்ம்நாமா', அதாவது போர் நூல், என்று பெயர் வழங்கிற்று.

வேலை நடந்த முறை நோக்கத்தக்கது. பாரசீகம் எழுத வல்லவர்களுக்கு வடமொழி தெரியாது. வடமொழி கற்ற பண்டிதர்களுக்குப் பாரசீகத்தில் எழுதும் ஆற்றல் இல்லை. ஆகவே பண்டிதர்கள் மூலத்தைப் படித்து, அக்காலத்து இந்திப் பேச்சில் பொருள் கூறினர். அதைக் கேட்டு நகீப் கான் முதலியோர் பாரசீகத்தில் எழுதினர். தேவ மிசிரர், சதாவதானர், மதுசூதன மிசிரர், சதுர்புஜர் என்று அப்பண்டிதர்களின் பெயர்களை நகீப் கான் நூலின் இறுதியில் நன்றியுடன் குறித்துள்ளார். தக்காணத்திலிருந்து வந்து இஸ்லாத்தைத் தழுவிய ஷேக் பாவன் என்ற அந்தணரும் உடன் இருந்தார். எழுதுவோனுக்கும் மூலத்துக்கும் நடுவே இவ்வாறு ஒரு மூன்றாம் மொழி நின்றது. ஓரிடத்தில் பொருள் பிசகினால், அது யாருடைய பிசகு என்று கண்டுபிடிப்பது எளிதன்று.

இந்தப் பெருமுயற்சிக்கு நோக்கம் என்ன? 1587இல் நூலுக்கு முன்னுரை எழுதிய அபுல் பசல் அதை விளக்குகிறார். இரு சமயத்தாரும் ஒருவர் நூலை மற்றவர் அறியாமலே பகை கொள்கின்றனர்; மூலநூல்களே யாவரும் அறியும் மொழியில் வந்துவிட்டால், அறியாமையால் வந்த பகை குறையும் என்பது சக்கரவர்த்தியின் எண்ணம் என்று அவர் எழுதினார். அந்நாளில் பாரசீகம் அரசாங்க மொழியாய் இருந்தமையால், அதைக் கற்ற இந்துக்களும் பலர் இருந்தனர் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

மொழிபெயர்க்கப் பணிக்கப்பட்டவர்களுள் ஒருவர் அப்துல் காதிர் பதாயூனி. கல்வியில் வல்லவர், தம் சமயத்தில் அசையாத பற்றுடையவர். சக்கரவர்த்தியின் சமயக் கொள்கைகளை அவர் அடியோடு வெறுத்தார். ஆயினும் அரண்மனை ஊழியர் ஆதலின் மறுக்க வழியில்லை. விக்கிரமாதித்தன் கதைகளை முன்னமே பெயர்த்தவர் அவர். அதர்வ வேதத்தைப் பெயர்க்கும் பணியும் அவரிடம் வந்து, பொருள் சொன்னவருக்கே பல இடங்கள் விளங்காமற் போனதால் நின்றுபோயிற்று. இப்போது பாரதம் வந்தது. அதன் பின் இராமாயணம் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் உழைத்தார். தம் மனக்குமுறலையெல்லாம் ஒரு வரலாற்று நூலில் மறைவாக எழுதிவைத்தார். அந்நூல் அக்பரின் மறைவுக்குப் பிறகே வெளிப்பட்டது. பாரதத்தைப் பெயர்த்தபோது கேட்ட ஏச்சுப் பேச்சுகளையும், கிழங்கு தின்பவன் என்று தாம் இகழப்பட்டதையும், எல்லாம் விதி என்று தேற்றிக்கொண்டதையும் அதில் காண்கிறோம்.

பாரத மொழிபெயர்ப்பு முடிந்து பல ஆண்டுகள் சென்றபின், பதாயூனியின் மேல் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. மரணத் தறுவாயில் இருக்கும் ஒரு பெரியவர், சூழ இருப்போருக்கு உபதேசிக்கும் பகுதி ஒன்று நூலில் உண்டு. மனிதன் படைத்தவனை அறியவேண்டும். செய்த ஒவ்வொரு செயலுக்கும் கணக்குக் கேட்கப்படும் என்பது அதன் சாரம். அதைப் படிக்கக் கேட்ட அக்பர் சினம் கொண்டார். இந்தியர் நம்புவது மறுபிறப்பை அன்றோ, இறந்தபின் விசாரணையும் தீர்ப்பும் இஸ்லாத்தின் கொள்கை அல்லவா, இந்த மனிதர் தம் சமயக் கருத்தை மூலத்தில் நுழைத்துவிட்டார் என்று கருதினார். பதாயூனியின் சமய வெறியை எந்த வாளும் அறுக்காது என்ற கருத்தில் அபுல் பசலிடம் கடிந்து பேசினார்.

குற்றம் சிறியதன்று. சக்கரவர்த்தியின் ஆணையால் எழுதப்பட்ட நூலில் கலப்படம் செய்ததாகப் பெயர் வந்தால், ஓர் ஊழியரின் மானமும் பிழைப்பும் என்ன ஆகும்? பதாயூனி முன்வந்து, தாம் வெறும் மொழிபெயர்ப்பாளரே என்றும், இந்தியப் பண்டிதர்கள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியதாகவும் விடை கூறினார். அத்துடன் நில்லாமல், இந்துக்களின் நம்பிக்கையையே எடுத்து விளக்கினார். ஒருவன் இறந்ததும், அவன் செயல்களை எழுதிவைத்த கணக்கன் ஏட்டை எடுத்துவர, உயிர்களைக் கவரும் தரும வேந்தன் நன்மை தீமைகளை ஆராய்கிறான். சுவர்க்கத்திலும் நரகத்திலும் பயனை நுகர்ந்த பின்னரே அவ்வுயிர் தன் வினைக்கேற்ற பிறவியை அடைகிறது என்றார். சித்திரகுப்தனையும் யமதருமனையும் பாட்டியின் மடியிலேயே கேட்டறிந்த நமக்கு, அவர் சொன்னது எவ்வளவு சரியென்று தெரியும். வழக்கு அத்துடன் தீங்கின்றி முடிந்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியது ஒன்று உள்ளது. இந்து சமயத்தின்மேல் அன்பு பாராட்டியவர் அக்பர். அதை வெறுத்தவர் பதாயூனி. ஆனால் அந்த ஓரிடத்தில் அதனைச் சரியாக அறிந்திருந்தவர் பதாயூனியே. எப்படி வந்தது அந்த அறிவு? விருப்பத்தால் வந்ததன்று. பண்டிதர் அருகில் நாள்தோறும் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு, அதைத் தம் மொழியில் வைக்க முயன்ற உழைப்பால் வந்தது. மறுபிறப்பு என்ற ஒரு சொல்லைத் தெரிந்துகொண்ட அக்பர், முழுவதும் தெரிந்ததாக எண்ணினார். வினாவிக்கொண்டே போகவேண்டிய கட்டாயம் பதாயூனிக்கு இருந்தது. ஆகவே அவர் மேலும் அறிந்தார்.

பதாயூனியின் பகுதிகள் மட்டுமன்றி, நூல் முழுதுமே கேட்போரின் பண்பாட்டால் உருமாறியது என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. நாம் பாரதத்தின் இதயமாகப் போற்றும் கீதை, ரஸ்ம்நாமாவில் சில பக்கங்களாகச் சுருங்கிவிட்டது. இடையிடையே பாரசீகச் செய்யுள்கள் கலந்தன. போரும் அரசநீதியும் அரசவையாரின் செவிக்கு இனித்தன. எந்தச் சமுதாயமும் பிறர் நூலைத் தன் பாத்திரத்தில் வார்த்தே பருகுகிறது. ஆயினும் பருகாதிருப்பதினும் அது நன்றே.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. தஸ்வந்த், பசாவன் முதலிய ஓவியர்கள் தீட்டிய படங்களுடன் அக்பருக்கென எழுதப்பட்ட பிரதி பின்னர் ஜெய்ப்பூர் அரசரிடம் சேர்ந்தது. பிரபுக்களும் தமக்குப் பிரதிகள் எழுதுவித்துக்கொண்டனர். அக்பரின் கொள்ளுப்பேரர் தாரா ஷுகோ 1657இல் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் தந்தார். அந்நூலை ஆங்கெட்டில் துப்பெரான் என்ற பிரெஞ்சு அறிஞர் லத்தீனில் பெயர்த்து 1801, 1802ஆம் ஆண்டுகளில் வெளியிட, உபநிடதங்கள் ஐரோப்பாவை எட்டின.

நாம் இன்று வேற்று மாநிலத்தில் வாழ்கிறோம். அண்டை வீட்டாரை விரும்புவது நல்லதே. ஆனால் விருப்பம் மட்டும் அறிவாகிவிடாது. அவருடைய சொல்லுக்கு நம் பொருளை ஏற்றிப் பார்த்து மகிழ்வதும் உண்டு, மனம் புண்படுவதும் உண்டு, இரண்டும் தவறாகலாம். இச்சொல்லை நீங்கள் எப்பொருளில் சொன்னீர்கள் என்று ஒருமுறை கேட்பதில் நமக்கு இழிவில்லை. வெறுத்துக்கொண்டே கேட்ட பதாயூனிக்கே அவ்வளவு விளங்கியதென்றால், அன்புடன் கேட்கும் நமக்கு இன்னும் எவ்வளவு விளங்கும்!