தேர் வீதியும் முட்டுச்சந்தும்

தில்லைக்குத் தேர் வீதிகள் நான்கு. கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி. ஒன்றில் புறப்பட்டவன் மற்ற மூன்றையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேருவான். தெருவோடு தெரு இணைந்திருத்தல் வேண்டும் என்று நகரமைப்பு வல்லுநர் இன்று வகுக்கும் இலக்கணத்துக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ? ஆனால் யாருக்காக இணைந்திருந்தது? திருநாளைப்போவார் ஊருக்குள் புக அஞ்சி, ஊரெல்லையையே வலம்வந்து நின்றார் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழாரே எழுதி வைத்தார். மரத் தேருக்குத் திறந்த வீதி, உழுது களைத்த காலுக்கு அடைத்த வீதி!

கடலூர் வளர்ந்த கதை வேறு வகை. 1690-இல் மராட்டியரிடம் தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கிய கும்பினியார், பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவுவரை நிலமெல்லாம் தமதே என்று பேசி முடித்தனர். இருப்பவற்றுள் நெடுந்தொலைவு சுடும் பீரங்கியையே தேடி எடுத்தனராம்; வணிகரல்லவா! அவ்வாறு அகப்பட்ட ஊர்கள் 'குண்டுக் கிராமங்கள்' எனப்பட்டன. பின்னாளில் மஞ்சக்குப்பமும் திருப்பாதிரிப்புலியூரும் பழைய நகரமும் ஒரே நகராட்சிக்குள் வந்தன. எல்லைக்கோடு வரைவது எளிது. அண்டை வீட்டாரை அண்டை வீட்டாரோடு சேர்ப்பது தெரு ஒன்றே.

அத்தெருவுக்காகத்தான் எத்துணைப் போராட்டம்! 1924-இல் வைக்கத்தில் மூண்ட கிளர்ச்சி கோயிலுக்குள் நுழைவதற்கன்று. கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கு. பெரியார் சிறை சென்றது அதற்காகவே. அதே ஆண்டில், பொதுச் சாலையும் கிணறும் குளமும் ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றுவித்தார், அரசாணையும் பிறந்தது. ஆணை பிறந்து அறுபது ஆண்டுகளுக்குமேல் கடந்த பின்னரும் மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் சாதிச் சுவர் எழுந்தது. அதில் ஒரு பகுதியை இடித்து வழி திறக்க 2008 மே 6 வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று எழும் சுவர்களுக்குச் சாதிப் பெயரில்லை. காவலாளி நிற்கும் ஒற்றை வாயில், உள்ளே முட்டுச்சந்துகள். உலகத்துத் தெருக்களையெல்லாம் அளந்து பாரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் என்னும் இருவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, 1975 முதல் புதிய தெருக்கள் மேன்மேலும் இணைப்பற்றே அமைகின்றன என்று காட்டியது. விளைவு என்ன? சுவருக்கு அப்பால் தெரியும் பள்ளிக்குச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். பேருந்து உள்ளே நுழையாது. வண்டி வைத்திருப்போன் பிழைப்பான். வண்டிகளெல்லாம் ஒரே பெருஞ்சாலையில் முட்டி நிற்கும். வீட்டை இடித்துக் கட்டலாம். பத்திரத்தில் ஏறிய தெருக்கோடோ பல தலைமுறைக்கும் அசையாது.

கடலூரிலிருந்து பண்ணுருட்டி செல்லும் சாலையில், நெல்லிக்குப்பத்தை அடுத்திருக்கும் மேல்பட்டாம்பாக்கம் இன்னும் பேரூராட்சிதான். நகரம் அவ்வழியே நகர்ந்து வருகையில், வயல் மனையாகும். மனைப்பிரிவின் வரைபடம் ஒப்புதலுக்கு வரும். தோழர்களே, அப்போது அதனைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடுத்த மனைப்பிரிவோடு சேரும் தெரு எது, சேரித் தெருவுக்கு வழி எங்கே என்று விரல் வைத்துக் கேளுங்கள். கல் நட்ட பிறகு கேட்டால், நீதிமன்றத்துக்குத்தான் நடக்க வேண்டியிருக்கும்.